உள்ளங்கையில் சரஸ்வதி

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் காலடி வைத்துவிட்ட ஐந்து வயதுக் குழந்தையொன்றின் கற்றல் முன்னேற்றத்தைக் கண்காணிப்போர் யார் யார் என்று கணக்கெடுக்கத் தொடங்கினால், வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், வட்டார வள மையத்திலிருந்து பார்வையிட வரும் ஆசிரியர் பயிற்றுநர், வட்டாரக் கல்வி அலுவலர், இவர்கள் அனைவருக்கும் மேலாக நள்ளிரவிலும் கண்ணுறங்காத கல்வித்துறைக் கணினி ஆகிய அரசுத் தரப்பினரோடு, தாய், தந்தை, பாட்டி, மாடி வீட்டு அத்தை என்னும் குடிமக்கள் தரப்பினரும் சேர்ந்துகொள்ள, பட்டியல் ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலை எட்டிப்பிடிக்க முயலும். இப்படியொரு கண்காணிப்பு நடைபெறுகிறது என்பதை அறியாதவர் அக்குழந்தை ஒருவரே; அவர் அப்போது சத்துணவில் இன்று முட்டை உண்டா என்ற ஆய்வில் ஈடுபட்டிருப்பார்.

கல்வியியலார் 'கற்றல் அடைவு' என்று வழங்குவது, ஒரு பாடம் முடிந்தபின் குழந்தையால் எதைத் தானாகச் செய்ய முடிகிறது என்பதைக் குறிக்கும். வீடுகளில் இதற்குள்ள பொருள் சற்று வேறு. அங்கே அடைவு என்பது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தம் பிள்ளைக்கும் இடையே உள்ள தொலைவைக் குறிப்பதாகும். இந்த இரண்டாம் பொருளைச் சீர்திருத்தக்காரர்கள் முன்வாசல் வழியே வெளியேற்றுவதும், பெற்றோர்கள் அதைக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து உள்ளே அழைத்து மோர் கொடுத்து உட்காரவைப்பதுமாகவே இம்மாநிலத் தொடக்கக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் நடந்துவந்திருக்கிறது.

இவ்வரலாற்றின் பழைய சான்றுகளுள் சுவை மிகுந்தது, சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டபோது, பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் காணப்படுகிறது. அங்குள்ள பள்ளிகளில் காலையில் முதலாவதாக வந்து சேரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் புகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன், இகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன் என்பதைக் காட்ட அவன் கையில் ஒரு சைபர் இடப்படும். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோருக்கு ஆளுக்கு ஓர் அடி கூடுதல் என்று அம்முறை ஏறிக்கொண்டே போகும். இதன்படி இருபதாவதாக நுழைபவனுக்குப் பதினெட்டு அடி கிடைத்திருக்க வேண்டும்; பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே கழித்தல் கணக்கை மாணவனே தன் கையில் போட்டுப் பார்த்துக்கொள்ள வழிசெய்த இந்தப் பாடத்திட்டத்தின் சிக்கனம் வியக்கத்தக்கது. படிப்பு எவ்வளவு ஏறியது என்பதை இம்முறை அளக்கவில்லை என்று குறை கூறலாம். ஆனால் யார் முதலாவது, யார் கடைசி என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாக விடையளித்த முறை பிற்காலத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. இன்றைய நர்சரிப் பள்ளிகளில் புறங்கையில் ஒட்டி அனுப்பப்படும் நட்சத்திர ஸ்டிக்கரை, பிரம்பைக் கழித்துவிட்டு மிஞ்சிய கேம்பல் அறிக்கை என்றே கொள்ளவேண்டும். அந்த நட்சத்திரம் மூன்று நாள் குளித்தும் அழியாதபடி பாதுகாக்கப்படுவதும், அது கிடைக்காத நாளில் 'மிஸ்கிட்ட ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு' என்ற அறிக்கை வீட்டில் தாக்கல் செய்யப்படுவதும், குழந்தைகள் வரலாற்றுணர்வு மிக்கவர்கள் என்பதையே காட்டுகின்றன.

இடைப்பட்ட நூற்றாண்டில் கோலோச்சிய மதிப்பெண் அட்டை, அதாவது புரோகிரஸ் ரிப்போர்ட், அனைவரும் அறிந்தது ஆகையால் அதைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பாடவாரியாகப் பல எண்கள் அதில் எழுதப்பட்டிருந்தாலும், கையொப்பமிடும் தந்தையின் கண் 'ரேங்க்' என்ற கட்டத்தை மட்டுமே தேடிச் சென்றதால், ஏனைய கட்டங்களை அச்சிட்ட மை வீண் என்றே கருதவேண்டியிருக்கிறது.

ஆறு வயதுக் குழந்தையை முப்பத்தொன்பதாவது என்று முத்திரை குத்துவது முறையன்று என்ற எண்ணம் வலுப்பெற்று, 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. ஆண்டு முடிவில் ஒரே தேர்வில் எடைபோடாமல், ஆண்டு முழுவதும் படிப்பு, பழக்கவழக்கம், உடல்நலம், கலை என எல்லாப் பக்கங்களிலிருந்தும் குழந்தையைப் பார்ப்பது என்பது இதன் கருத்து. தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு முப்பருவ முறையோடு இது நடைமுறைக்கு வந்தது. பாடம் நடக்கும்போதே செய்யப்படும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டு, மொத்தம் ஏ1, ஏ2 எனத் தொடங்கி ஈ2 வரை இறங்கும் குறியீடுகளாக மாற்றப்பட்டது. மதிப்பெண்ணை மறைத்துவிட்டால் ஒப்பீடும் மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள், தமிழ்த் தந்தையர்க்கு உள்ள குறியீட்டியல் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். ஏ2 என்றால் 81 முதல் 90 வரை என்று ஒரே வாரத்தில் கண்டறிந்த அவர்கள், 'சார், எண்பத்தொண்ணா, தொண்ணூறா? அத மட்டும் சொல்லுங்க' என்று ஆசிரியரின் மேசைமுன் நின்றார்கள். ஆசிரியர் வாய்தவறி எண்பத்தாறு என்றால் போதும். அடுத்த கேள்வி, 'அப்போ கிளாஸ்ல எத்தனாவது?'

வளரறி மதிப்பீட்டின் ஒரு பகுதியாக அமைந்த செயல்திட்டங்கள் வேறொரு வகையில் ஆராயத்தக்கவை. இலைகளைச் சேகரித்து ஒட்டுதல், படத்தொகுப்பு தயாரித்தல், தெர்மாகோலில் வீடு கட்டுதல் ஆகியவற்றைக் குழந்தையே செய்யவேண்டும் என்பது விதி. இரவு எட்டரை மணிக்குப் பாயில் படுத்தபின், 'அம்மா, நாளைக்கு இலை கொண்டுபோகணும்' என்று குழந்தை நினைவுகூரும் அந்தக் கணத்திலிருந்து மதிப்பீடு தொடங்குகிறது. தந்தை டார்ச்சுடன் முருங்கை மரத்தடிக்கும், தாய் பசைப்புட்டியைத் தேடிப் பரணுக்கும் செல்ல, மதிப்பிடப்படும் மாணவர் உறங்கிவிடுகிறார். முப்பருவ முறையால் புத்தகப் பையின் எடை குறைந்தது உண்மை; அந்த எடை எங்கே போயிற்று என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

முப்பருவ முறை வருவதற்கு முன்பே, முன்னேற்றத்தைக் குழந்தையின் கண்முன்னேயே சுவரில் மாட்டிவைத்த ஒரு முறை இங்கு இருந்தது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான வழிமுறையைத் தழுவி, மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலே அது. பாடப்பகுதிகள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னப் படம் அடையாளமாகத் தரப்பட்டு, அவை அனைத்தும் எந்த வரிசையில் வருகின்றன என்பதைக் காட்டும் 'கற்றல் ஏணி' வகுப்பறையில் தொங்கவிடப்பட்டிருந்தது. குழந்தை தான் நேற்று எந்தப் படத்தில் நின்றது என்று ஏணியில் பார்த்து, அடுத்த படத்துக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு, பாயில் உரிய குழுவில் போய் அமரும். காய்ச்சலில் பத்து நாள் வராத குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். ஓடுகிற குழந்தையை யாரும் இழுத்துப் பிடிக்கவும் மாட்டார்கள். முன்னேற்றத்தைப் பதிவுசெய்யும் கருவிகளுள் அளக்கப்படுபவரே படித்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய கருவி இது ஒன்றே என்பதால், பிற எல்லாவற்றைக் காட்டிலும் இது நாகரிகமானது என்று துணிந்து கூறலாம். நடைமுறையில் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, சில அட்டைகள் விமானங்களாகி ஓட்டுக்கூரைமேல் தங்கின என்பதும் உண்மையே.

ஆனால் பெற்றோரை இது பெரும் இக்கட்டில் தள்ளியது. 'இப்ப என்ன பாடம் நடக்குது?' என்ற எளிய கேள்விக்கு, முப்பது குழந்தைகளும் முப்பது படிகளில் நிற்கும் வகுப்பின் ஆசிரியரால் ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. எழுதுவதற்கு எளிய வடிவம் கொண்ட ட, ப போன்ற எழுத்துகளை முதலில் கற்பிக்கும் முறை பின்பற்றப்பட்டதால், அகரத்தைத் தொடாமலே 'படம்' என்று எழுதிக்காட்டிய பேரனைக் கண்டு, பிள்ளையார் சுழி போடாமல் கல்யாணச் செலவு எழுதியவனைப் பார்ப்பதுபோல் தாத்தாக்கள் பார்த்தார்கள். எனினும் மக்கள் வெகுவிரைவில் தெளிந்தார்கள்; ஏணி என்றால் மேல்படி, கீழ்ப்படி இருந்தே தீரும் என்பதால், 'உங்க பையன் எந்தப் படத்துல இருக்கான்?' என்ற கேள்வி குழாயடியில் பிறந்தது.

பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. 4ஆம் தேதி தீபாவளி. 12ஆம் தேதி நாடெங்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் உள்ளிட்டோரின் அடைவை அளக்கும் தேசிய அடைவு ஆய்வு. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்த குழந்தை கடைசியாகப் பள்ளியைப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில் என்பதையும், அதன் விரல்களில் இன்னும் மத்தாப்பு வாசம் போயிருக்காது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அளப்பதில் இந்நாட்டுக்குள்ள ஆர்வத்தை ஐயுற வழியில்லை.

பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் விழுந்த கற்றல் இடைவெளியை நிரப்பவே 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சரால் தொடங்கிவைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்காக வைக்கப்பட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் அடிப்படை மதிப்பீட்டைக் கொண்டு குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைக்கப்படுகிறார்கள். எழுத்துகளோடு மல்லுக்கட்டுவோர் அரும்பு, வகுப்புக்குரிய நிலையை எட்டியோர் மலர். குழந்தையின் மனம் நோகாத பெயர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏப்ரலில் மலராக வீட்டுக்குப் போன குழந்தை, மே மாதம் முழுவதும் மாமா ஊர்க் கிணற்றில் கழித்துவிட்டு ஜூனில் மொட்டாகத் திரும்பி வருவதற்குத் தாவரவியலில் இடமில்லை, தொடக்கப் பள்ளியில் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் அக்குழந்தை நீந்தக் கற்றிருக்கும்; அதற்குரிய கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. 'என் பொண்ணு போன வருஷமே மலர் டீச்சர்' என்று வாதாட வரும் தாயிடம் ஆசிரியர் என்ன சொல்வார் என்பது தனியே எழுதப்படவேண்டிய பொருள்.

இந்நிலைகளையும் வளரறி மதிப்பீடுகளையும் கைப்பேசிச் செயலியில் குழந்தைவாரியாகப் பதிவேற்றவேண்டும் என்று வந்தபோது, மதிப்பீடு வகுப்பறையைவிட்டு டவர் கிடைக்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்தது. வேப்பமரத்தடியில் கையை உயர்த்தி நிற்கும் ஆசிரியர், 'சர்வர் பிஸி' என்ற தகவலைத் திரையில் கண்டு மனந்தளராமல் மீண்டும் அழுத்த, மதிப்பிடப்படவேண்டியவர் அவருடைய முழங்கையைப் பிடித்துத் தொங்கியபடி, 'டீச்சர், அடுத்து கேம் வருமா?' என்று வினவுகிறார். கற்பிக்கும் நேரத்தைப் பதிவேற்றம் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்ப முறையிட்டதில் நியாயம் இருக்கிறது. ப-ட்-ட-ம் என்று விரல்வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த குழந்தை, ஒரு நாள் எந்த முன்னறிவிப்புமின்றி விரலை எடுத்துவிட்டுப் 'பட்டம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தான் சொன்னதை நம்பாமல் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும் அந்தத் தாவலைக் காண்பதற்கு ஆசிரியரின் கண்கள் குழந்தையின்மேல் இருந்தாகவேண்டும். திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தின்மேல் இருக்கும் கண்களுக்கு அது அகப்படாது.

வீட்டுத் தரப்பில் இத்தாவலைக் கண்டுபிடிக்கப் பாட்டிமார்களிடம் தொன்றுதொட்டு ஒரு கருவி உண்டு. அது கல்யாணப் பத்திரிகை. வாசிப்புத் திறனை அளக்கும் ஆய்வுகள் எழுத்து, சொல், எளிய பத்தி, கதை என்று படிப்படியாகத் தரும் பொருள் அனைத்தும் அதில் ஒரே தாளில், மஞ்சள் தடவி, கிடைக்கிறது. இரண்டாம் வகுப்புப் பேரனிடம் அதை நீட்டும் பாட்டி, 'நிகழும் மங்களகரமான' என்ற இடத்தில் அவன் திணறுவதைப் பொறுத்துக்கொள்கிறார்; 'சிரஞ்சீவி', 'சௌபாக்கியவதி' ஆகிய இரண்டையும் தாண்டிக் குதிப்பதையும் காணாததுபோல் இருக்கிறார்; தாளின் அடியில் 'மழலைகள் அழைப்பு' என்ற பகுதியில் பொடியெழுத்தில் வரிசையாக அச்சிட்டிருக்கும் குழந்தைகளின் பெயர்களை அவன் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்துத் தன் பெயரையும் கண்டுபிடித்துவிட்டதும், 'பையன் படிச்சுட்டான்!' என்று தெருவுக்கே கேட்கும்படி தேர்ச்சியை அறிவிக்கிறார். தேர்ச்சி பெற்றவரோ முகம் சிவந்து நிற்கிறார். ஒன்றாம் வகுப்புகூடச் சேராத சித்தி மகனின் பெயர் தன் பெயருக்கு மேலே எப்படி வந்தது என்பதற்கு அவருக்கு உடனடியாக விளக்கம் வேண்டியிருக்கிறது.