கப்பல் ஏறுமுன் ஊர் பார்த்தல்: ஒரகடத்துக் கார்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே துறைமுக நகரத்துக்கு வந்து சேர்ந்து, பழைய கோட்டை, மாதா கோயில், மீன் சந்தை எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கப்பல் ஏறுவது மத்தியதரைக்கடல் பக்கத்து வழக்கம். பார்சிலோனாவும் ஜெனோவாவும் இதில் பேர்போனவை. இவ்வழக்கம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் உண்டா, இல்லையா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். முன்னோர் எவரும் இதை ஆராயத் துணியவில்லை. அவர்கள் விவரமானவர்கள்.

முதற்கண் பயணி யார் என்று வரையறுத்தல் வேண்டும். இவ்வட்டாரத்தில் மனிதர் பலர் வாழ்ந்தபோதிலும், தவறாமல் கப்பல் ஏறுவது கார் ஒன்றே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே நிசான் மைக்ராக்கள் எண்ணூரில் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போயின. அவற்றுக்குக் கதவு மாட்டிய பையன் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கி, படப்பையில் இறங்கினான். ஆகவே பயணி என்றது காரை என்க. மனிதரை விடுத்தது என்னை எனின், அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை. இருந்தாலும் லீவு இல்லை.

பயணியின் கோலம் பின்வருமாறு: பானெட்டில் வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும், சீட்டுக்குப் பாலித்தீன் உறை, நம்பர் பிளேட் கிடையாது. ஏறிச் செல்வது கேரியர் லாரி. அதன் பக்கங்கள் பெரும்பாலும் தகடு அடித்து மூடியவை. மேல்தட்டில் நிற்கும் கார் தகட்டின் இடுக்கு வழியாக உலகத்தைப் பார்க்கிறது. கீழ்த்தட்டுக் காருக்கு மேல்தட்டின் அடிவயிறுதான் காட்சி. உல்லாசக் கப்பல்களிலும் இந்த வகுப்புப் பிரிவு உண்டு என்பதால், பயிற்சி இங்கேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

இனி, பயணி பார்க்கும் நகரம் எது? இதில் அறிஞர் இரு கட்சி. (இரண்டு கட்சியிலும் நான்தான் இருக்கிறேன்.) சென்னையே என்பது ஒன்று. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் வாங்கி, பிறகு கோட்டை கட்டிய ஊர். துறைமுகம் இல்லாத காலத்தில், அலையில் தூக்கிப் போட்டாலும் பிளக்காத மசூலாப் படகில் பயணிகளைக் கரை சேர்த்த ஊர். பார்க்கத் தகுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பகலில் கனரக வண்டியை நகருக்குள் விடமாட்டார்கள். எண்ணூருக்குப் போகும் கேரியர், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையைப் பிடித்துவிடுகிறது. ஆகவே ஐரோப்பா போகும் கார் சென்னையில் கண்டது டோல்கேட்டும் அடுக்குமாடி விளம்பரமுமே.

பழவேற்காடு என்பது மற்றொன்று. இதுவே எனக்கு உகந்தது. டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்துக்கே தலைமையிடமாக வைத்திருந்து, 1690இல் நாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்த துறை. அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் காவல் நிற்கின்றன. மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாக வடக்கே போனால் பார்த்துவிடலாம். ஆனால் கேரியர் டிரைவர் மீஞ்சூரில் ஒரு டீ குடித்து, டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஸ்டியரிங்கைத் துறைமுகத்துப் பக்கம் ஒடித்துவிடுகிறார். வரலாறு அந்தத் திருப்பத்தில் கைநழுவுகிறது.

பயணி ஊர் பார்க்காமல் போவதற்குக் காரணம் காற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழி நூலின்படி, எகிப்திலிருந்து இங்கே வருகிற கப்பல்கள் ஜூலை வாக்கில் புறப்பட வேண்டும். திரும்பிப் போக வாடைக்காற்று வேண்டும். நடுவில் மாதக்கணக்கில் வேலை இல்லை. ஊர் பார்க்காமல் வேறென்ன செய்வது? இன்றைய கார் கப்பலோ காற்றைக் கேட்பதில்லை. யார்டில் நிற்கும் காரை ஒருவர் ஓட்டிக்கொண்டு சாய்தளம் வழியே வயிற்றுக்குள் போகிறார், பக்கத்துக் காருக்கு அரைச் சாண் விட்டு நிறுத்துகிறார், கதவைப் பாதி திறந்து நெளிந்து வெளியே வருகிறார், இன்னொருவர் சக்கரத்தில் பெல்ட் போட்டு இறுக்குகிறார். ஓட்டியவர்களை எல்லாம் ஒரு வேன் வாரிக்கொண்டு மறுபடி யார்டில் கொண்டுவந்து விடுகிறது. ஒரு பகலில் இத்தனை முறை கப்பலேறி, ஒரு முறையும் ஊரைவிட்டுப் போகாத மனிதரை வேறெங்கும் காண்பதரிது. தனி ஆய்வுக்குரியவர்.

கப்பலுக்குள் போனபின் காட்சிக்கே இடமில்லை. கார் அடுக்கும் தளங்களில் ஜன்னல் கிடையாது. 2023 நவம்பரில் செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற கார் கப்பல் கடத்தப்பட்ட பின், ஐரோப்பா போகும் கப்பல்கள் பல சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கூடுதல் கட்டணமின்றி ஆப்பிரிக்கா முழுதும் சேர்ந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆக, வழக்கம் இங்கே இல்லை என்று முடித்திருப்பேன். வடக்குப்பட்டு குறுக்கே வந்தது. ஒரகடத்துக்கு அருகிலுள்ள இச்சிற்றூரில் 2022இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, பன்னிரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கற்கருவிகளோடு, மேலடுக்குகளில் ரோமானிய ஆம்போரா சாடியின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அதாவது, மத்தியதரைக்கடல் சரக்கு ஒன்று கடற்கரையோடு நிற்காமல் ஒரகடம் வரை வந்திருக்கிறது. வாடைக்குக் காத்திருந்த மாலுமி ஊர் பார்க்க வந்தபோது கொண்டுவந்தது என்பர் ஒரு சாரார். வணிகர் கைமாறி வந்தது என்பர் மற்றொரு சாரார். மது தீர்ந்த சாடி மலிவாகக் கிடைக்கவே, தண்ணீர் வைக்க இவ்வூர்ப் பெண்மணி ஒருத்தி வாங்கிவந்தாள் என்பது என் துணிபு.

எது சரியென்று அறிய, அருகிலேயே ஆலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரை வடக்குப்பட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுப் பார்த்தாராம். இந்த வாரம் கப்பல் வருகிறது, ஓ.டி. கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள்.