எழுப்புறது யாருலே?

ஏலே பேராண்டி, தலைமாட்டுல என்னலே கறுப்புப் பெட்டி? ஸ்குவீஸ்பாக்ஸ் ரேடியோவா? காலையில 5 மணிக்குப் பாட்டுப் பாடி எழுப்புமாக்கும். சரி, ஒண்ணு கேக்கேன். மணி 5 ஆச்சுன்னு அந்தப் பெட்டிக்கு யாருலே சொல்லுவா?

கம்ப்யூட்டருல ஓடிப் பாட்டு அனுப்புத சர்வருதான் சொல்லணும். எத்தனை மணிக்கு, என்னைக்கு, எந்தப் பாட்டு, எம்புட்டுச் சத்தம்? அம்புட்டுக் கணக்கும் அங்கனதான் கெடக்கு. அது "பாடு"ன்னா இது பாடும். பெட்டியில மணி தெரியுதேங்கியா? அதுவும் சர்வரு சொல்லிக்குடுத்த மணிதான். சர்வரு ஓடுத கம்ப்யூட்டருல நேரம் பிசகினா நீயும் பிசகித்தான் முழிப்ப. கரண்டு பில்லை நெனச்சு ராத்திரி அதை அணைச்சுட்டுப் படுத்தா? பாட்டு ஏதுலே?

செஞ்சவன் மடையனில்ல. சர்வரு கைவிட்டா அடிக்கட்டும்னு ரேடியோவுக்குள்ளயே ஒரு மாத்து அலாரத்தை வச்சிருக்கான். அதுல நீ கேட்ட பாட்டு வராது. வெறும் அலாரச் சத்தம்தான். அதுக்காலே இம்புட்டுத் துட்டு?

கலிபோர்னியாவுல ஸ்லிம் டிவைசஸ்னு ஒரு சின்னக் கம்பெனி தொடங்கின சமாச்சாரம் இது. 2006-ல லாஜிடெக் அதை வாங்குனான். 2009-ல இந்த ரேடியோ வந்துது. 2012-ல அந்தச் சாமானையே நிறுத்திட்டான். வீட்டுல சர்வரு வைக்கச் சோம்பப்பட்டவங்க கம்பெனியோட சர்வரை நம்பிக் கெடந்தாவ. 2024-ல அதையும் இழுத்து மூடிட்டான். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதைதான். அவங்க பெட்டி கெடல. ஸ்பீக்கர் கிழியல. ஆனாலும் வாய் திறக்காது.

நல்லவேளை, சர்வரு மென்பொருளை ஆரு வேணும்னாலும் எடுத்துத் திருத்தலாம்னு செஞ்சவன் மொதல்லயே விட்டிருந்தான். நாலு புண்ணியவான்க லிரியன்னு பேரு மாத்தி இன்னமும் ஓட்டுதாவ. இனாமாத்தான் தாராவ. உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரு இருந்தா வீட்டுலயே வச்சுக்கலாம். ஆனா அதையும் நீதான் ராப்பகலாப் பாத்துக்கணும். அலாரம் ஒன்னை எழுப்பணுமா, நீ அலாரத்தை எழுப்பணுமா?

பாட்டுக்கு அது இருக்கட்டும், யாரு வேண்டாம்னா? விடியக்கால ரயிலுக்குப் போகணும்னா சாவி குடுக்குத கடியாரத்தைப் பக்கத்துல வை. அதுக்கு வைஃபை வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், அமெரிக்காக்காரன் தயவும் வேண்டாம்.

இனிமே புதுசா எதை வாங்கப் போனாலும் கடைக்காரன்கிட்ட ஒத்தைக் கேள்வி கேளு: "அண்ணாச்சி, நெட்டு நின்னுட்டா இது என்ன செய்யும்?" அவன் தலையைச் சொறிஞ்சான்னா, துட்டை மடியில முடிஞ்சுக்கிட்டு நடையைக் கட்டுலே.