மயக்க டாக்டரும் சிவப்பு ரப்பரும்

நான் சிறுவனாக இருந்தபோது அணைக்கட்டுப் பக்கம் பல் பிடுங்க மயக்க மருந்து கிடையாது, மாமன்கள் உண்டு. ஒருவர் தலையைப் பிடிப்பார், இருவர் கைகளை அமுக்குவார்கள், ஆயா நூலைச் சுண்டுவாள். பால்பல் கூரைக்குப் போகும். மொத்தச் செலவு ஒரு முழம் நூல்.

இன்று அதே பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, மேலே ஸ்டீல் தொப்பி மாட்டுகிறார்கள். அம்மா விடியலிலேயே ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ் ஏறிவிடுகிறாள். பேரன் அழாமல் தூங்க ஆயா வாயில் பால் புட்டியைச் செருகுகிறாள். நாலு வயதில் வாய் முழுக்கச் சொத்தை. நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு எல்லாப் பல்லையும் ஒரே மூச்சில் முடிக்க முழு மயக்கம். மாமன்கள் பார்த்த வேலை மயக்க டாக்டரான என் தலையில் விழுந்தது அப்படித்தான்.

பல் டாக்டர்களிடம் எங்களுக்குப் பழைய கடன் உண்டு. 1844இல் சிரிப்பு வாயுவை இழுத்துத் தன் பல்லையே பிடுங்கவைத்த ஹோரஸ் வெல்ஸும், 1846இல் பாஸ்டனில் ஈதரைக் காட்டிய மார்ட்டனும் பல் வைத்தியர்களே. அந்தக் கடனுக்கு வட்டியாக வாயை முழுசாக அவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம். எங்களுக்கு மிஞ்சியது மூக்கு.

நான் படித்த காலத்தில் மூக்கு வழியாக மூச்சு டியூப் போடுவது ஒரு வித்தை. சிவப்பு ரப்பர் டியூப். கழுவிக் கழுவித் திரும்பவும் போடுவோம். பிள்ளை தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, டியூபின் வெளிமுனையில் காதை வைத்து, மூச்சுச் சத்தம் பலக்கும் திசையில் தள்ள வேண்டும். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக மயக்க டாக்டர்கள் மேகிலும் ரோபாத்தமும் வளர்த்த முறை அது. சீனியர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். வழியிலிருக்கும் அடினாய்டு சதை என்ன ஆனதென்று மூக்கிலிருந்து வழியும் ரத்தம் சொல்லும்.

அடுத்தது தொண்டைக்குள் லாரிங்கோஸ்கோப்பால் நேராகப் பார்த்து, மேகில் இடுக்கியால் டியூப் முனையைப் பிடித்துக் குரல்நாண்களுக்கு நடுவே செலுத்துவது. அங்கே குனிந்திருக்கும் ஒருவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நிலவரம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது வீடியோ லாரிங்கோஸ்கோப். குரல்நாண் திரையில் பெரிதாகத் தெரிகிறது. இடுக்கி பல நேரம் தேவைப்படுவதில்லை. பார்வை தெளிவு, ஆனால் டியூப் எப்போதும் சீக்கிரம் போய்விடுவதில்லை. அன்று தடுமாறினால் எனக்கு மட்டும் தெரியும். இன்று ட்ரெயினிகள் முதல் நர்ஸ் வரை எல்லோரும் பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம் சார்" என்கிறார்கள்.

விதிகளும் தலைகீழாகிவிட்டன. எட்டு வயதுக்குக் கீழே பலூன் வைத்த டியூப் கூடாது என்று எழுதித்தான் பாஸானேன். வயதை நான்கால் வகுத்து நான்கு கூட்டினால் சைஸ். இன்று பச்சைக் குழந்தைக்கே பலூன் டியூப்; கூட்டுவது மூன்றரை. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து போய் நாலரை. கணக்கு மாறிய தேதியை யாரும் அறிவிக்கவில்லை.

மூக்கு ரத்தத்துக்கு மட்டும் திரையில் மருந்தில்லை. அதற்கு மூக்கடைப்புச் சொட்டுமருந்து விட்டு, டியூபை வெந்நீரில் போட்டு இளக்குகிறோம். இதைக் கேட்ட ஒரு தகப்பனார், பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை செய்பவர், "ஊறவெச்சாத்தான் சார் தோலே பதத்துக்கு வரும். இதுக்கா எம்பிபிஎஸ்?" என்றார். இன்னொரு வழியும் உண்டு: டியூப் முனையை ரப்பர் கத்தீட்டருக்குள் செருகி, அதை முன்னே விட்டு மூக்கைத் தாண்டுவது. பிள்ளைகளிடம் இது ரத்தத்தைக் குறைக்கிறது என்று 2007இல் ஒரு ஆய்வே வந்தது. அந்தக் கத்தீட்டரின் நிறம் சிவப்பு. அநாகரிகம் என்று நாங்கள் குப்பையில் போட்ட ரப்பர், ஆய்வுக் கட்டுரை ஏறி மரியாதையோடு தியேட்டருக்குத் திரும்பிவிட்டது.

மாறாத ஆள் ஆயாதான். ஆறு மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாலும், "கொழந்த பசில துடிச்சிச்சு நைனா, ஒரே ஒரு பன்னுதான்" என்பாள். மயக்கத்தில் அந்தப் பன் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் எந்த வீடியோவும் காப்பாற்றாது; கேஸைத் தள்ளிப்போடுவோம். வயிற்றில் என்ன இருக்கிறதென்று பார்க்க இப்போது அல்ட்ராசவுண்டும் வந்துவிட்டது. இனி ஆயாக்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.