காலம் கெட்டுப்போன சார்

லூ என்ற அனல்காற்று இன்னும் கிளம்பாத ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமைகளில், காலை எட்டரைக்கெல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சாரைப் பார்க்கலாம். பெயர் எதற்கு? டில்லித் தமிழர்களில் பேட்டைக்கு ஒருவர் உண்டு. மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். கையில் துணிப்பை, சட்டைப் பையில் மனைவி எழுதிக் கொடுத்த சீட்டு, வாயில் நாட்டின் வீழ்ச்சி.

"காலம் கெட்டுப்போச்சு சார்" என்பதுதான் அவருடைய வணக்கம். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். எதிரே எது இருக்கிறதோ அதுவே சாட்சி.

"இது முருங்கைக்காயா? குச்சி. அந்தக் காலத்து முருங்கைக்காய்னா தெருவே மணக்கும்."

அந்தக் காலத்தில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் சார் வீட்டில் முருங்கைக்காய். அதுவும் இரண்டு ராத்திரி ரயிலில் வாடி, உண்மையிலேயே குச்சியாகத்தான் வந்து சேரும். இன்றைக்கு வாழையிலை, நேந்திரம்பழம், கேரளச் சிவப்பரிசி எல்லாம் ஒரே சந்தில். இந்திக்காரப் பையனே "முருங்கக்கா, சார்!" என்று கூவுகிறான். சார் அதையும் விடவில்லை.

"பாத்தேளா? இவனுக்குத் தெரியறது. என் பேரன் டிரம்ஸ்டிக்ங்கறான்."

சார் சுத்த சைவம். ஆனாலும் மீன் சந்து வழியாகத்தான் போவார். குறுக்கு வழி. கால்சராயைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முன்னெல்லாம் இவ்வளவு நாத்தம் கிடையாது" என்பார். அதாவது, அப்போதும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறார்.

"நேதாஜி படையோட பேரை வெச்ச எடத்துல அவகாடோ விக்கறான்!" என்பது அடுத்த குற்றப்பத்திரிகை. அந்தப் படையில் மலேயா தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்கள் உயிரைக் கொடுக்கத் துணிந்தது கத்தரிக்காய் மட்டுமே விற்கும் இந்தியாவுக்காகத்தானா என்று கேட்க நமக்குத் தைரியம் வராது.

கறிவேப்பிலைக்குக் கடைக்காரர் பத்து ரூபாய் கேட்டால், "கறிவேப்பிலைக்குக் காசு வாங்கற தேசம் உருப்படுமா?" கொசுறாக ஒரு கொத்துப் போட்டாலோ, "சும்மா குடுக்கறான்னா நேத்திக்குப் பறிச்சதா இருக்கும்."

சாருடைய பொற்காலம் 1975. "ரயிலெல்லாம் டயத்துக்கு வந்தது சார்!" பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த காலம் அது, தாமதமாக வந்த ரயில் பேப்பருக்கு வந்திருக்க வழியில்லை. டெலிபோனுக்கும் ஸ்கூட்டருக்கும் வருஷக்கணக்கில் காத்திருந்ததைக் கேட்டால், "அப்ப ஜனங்களுக்குப் பொறுமை இருந்தது" என்று அதையும் வரவில் வைத்துவிடுவார். அதே பொற்காலத்தில் அவருடைய தகப்பனார் கரோல்பாக் மாடியறையில் உட்கார்ந்து, மகனுடைய பெல்பாட்டத்தையும் கிருதாவையும் பார்த்து, காலம் கெட்டுவிட்டதென்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். சார் பங்காளிச் சண்டை இல்லாமல் முழுசாகப் பெற்ற பிதிரார்ஜிதம் இந்த வசனம் ஒன்றுதான்.

சீரழிவில் விதிவிலக்கு ஒன்று உண்டு. அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறுவதை அவர் வீழ்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 ஜனவரியில் எட்டாவது சம்பளக் கமிஷன் அறிவிப்பு வந்ததிலிருந்து, பென்ஷனைப் பெருக்க போன தடவை 2.57 ஆக இருந்த எண் இந்தத் தடவை எவ்வளவு என்பதுதான் தேசத்தின் எதிர்காலம் பற்றி அவருக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை.

பையில் பங்கனபள்ளி, இளந்தேங்காய், வாழைப்பூ. கேட்க ஓர் ஆள். அவசரமில்லாத காலை. ஒரு மனிதரால் இவ்வளவு நிம்மதியாகக் குறைப்பட்டுக்கொள்ள முடிகிற சமூகம் அவர் சொல்லும் அளவுக்குக் கெட்டுவிடவில்லை. இதை அவரிடம் சொல்லிப் பார்க்காதீர்கள். "உங்களை மாதிரி ஆட்களாலதான்" என்று ஆரம்பித்துவிடுவார்.

சாஸ்திரப்படி கலியுகத்துக்கு 4,32,000 வருஷம். ஆகியிருப்பது 5,000 சொச்சம். சாருக்கு விஷயப் பஞ்சம் வர நியாயமில்லை.