உடலின் தண்ணீர்க் கணக்கு

கேள்வி: மழைநாளில் ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுகிறது. வெயிலில் அலைந்த நாளில் அதே ஒரு செம்பு எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. சிறுநீரகம் நாள் பார்த்து வேலை செய்கிறதா?

பதில்: நாள் பார்த்துத்தான் செய்கிறது, ஆனால் அன்றைய நிலவரத்தை அதற்கு எடுத்துச் சொல்வது மூளை. மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைபோதலாமஸ் என்னும் பகுதியின் நரம்பணுக்கள் வாசோபிரசின் என்ற ஹார்மோனை உருவாக்கி, தம் நீண்ட இழைகளின் வழியே பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிக்கு அனுப்பிச் சேமித்து வைக்கின்றன. சிறுநீரின் அளவைக் குறைப்பதால் ஆன்டிடையூரெட்டிக் ஹார்மோன் என்றும் அழைக்கப்படும் இது, வியர்வையால் நீர் குறைந்த நாளில் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை நீரை மீட்கச் செய்கிறது. நீர் மிகுந்த நாளில் சுரப்பு அடங்கிவிடுவதாலும், இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள ஹார்மோன் விரைவில் சிதைந்துவிடுவதாலும், மிகுதியான நீர் தடையின்றி வெளியேறுகிறது.

கேள்வி: உடலுக்குள் எத்தனை லிட்டர் இருக்கிறதென்று மூளை எப்படி அளக்கிறது?

பதில்: மூளை முதன்மையாக அளப்பது லிட்டரை அன்று, இரத்தத்தில் உப்பு முதலிய கரைபொருள்கள் எந்த அளவுக்குச் செறிந்துள்ளன என்பதையே. இச்செறிவு இயல்பாகக் கிலோவுக்கு 275 முதல் 295 மில்லி ஆஸ்மோல் வரை இருக்கும். அது ஒன்றிரண்டு விழுக்காடு உயர்ந்தாலே, ஹைபோதலாமஸ் பகுதியில் உள்ள உணர் அணுக்கள் தம்முள் இருக்கும் நீரை இழந்து சுருங்கி, அச்சுருக்கத்தையே நரம்புக் குறிப்பாக மாற்றி ஹார்மோன் சுரப்பைத் தூண்டுகின்றன. நாய்களின் மூளைக்குச் செல்லும் தமனியில் செறிந்த உப்புக் கரைசலைச் செலுத்தியதும் அவற்றின் சிறுநீர் குறைந்ததைக் கண்டு, இத்தகைய உணரிகள் இருந்தாக வேண்டும் என்று 1947இல் எடுத்துரைத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வெர்னி.

கேள்வி: காயம்பட்டு இரத்தம் இழந்தவருக்கும் தாகம் எடுக்கிறதே, நீரோடு உப்பும் சேர்ந்துதானே போயிற்று, செறிவு மாறவில்லையே?

பதில்: கேள்வியிலுள்ள தருக்கம் சரியானது; அதனாலேயே உடல் இரண்டாவது அளவீடு ஒன்றையும் வைத்திருக்கிறது. இதயத்தின் மேலறைகளிலும் பெரிய தமனிகளின் சுவர்களிலும் உள்ள அழுத்த உணரிகள், இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைந்தபின்தான் வாசோபிரசினைப் பெரிதும் தூண்டுகின்றன என்றாலும், அப்போது சுரக்கும் அளவு மிக அதிகம். மிகுந்த அளவில் சுரக்கும்போது இந்த ஹார்மோன் நீரை மீட்பதோடு இரத்தக் குழாய்களையும் சுருக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இரு அளவீடுகளும் முரண்படும் நெருக்கடியில், செறிவு பிறழ்ந்தாலும் பரவாயில்லை, இரத்த ஓட்டம் நிற்கக்கூடாது என்பதே உடலின் தீர்ப்பு.

கேள்வி: அப்படியானால் வாசோபிரசின் சிறுநீரகத்தின் குழாய்களைத் திருகி மூடிவிடுகிறதா?

பதில்: மூடுவதில்லை, திறக்கிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை ஹார்மோனின் துணையின்றியே மீட்டுவிடுகின்றன. எஞ்சியதன் கதி, சேகரிப்பு நாளம் எனப்படும் கடைசிக் குழாயில் முடிவாகிறது. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் அக்குழாயின் அணுக்கள் அக்குவாபோரின்-2 என்ற புரத வாயில்களைத் தம் மேற்பரப்பில் பதிக்கின்றன. சிறுநீரகத்தின் உட்பகுதி உப்பும் யூரியாவும் செறிந்தது என்பதால், நீர் அவ்வாயில்கள் வழியே தானாகவே உள்ளிழுக்கப்பட்டு இரத்தத்துக்குத் திரும்புகிறது. நீருக்கெனத் தனி வாயில்கள் உண்டு என்பதை 1992இல் மெய்ப்பித்த பீட்டர் ஆகர் 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: சர்க்கரை இல்லாமலேயே நீரிழிவு வருமா?

பதில்: வரும். வாசோபிரசின் போதிய அளவு சுரக்காவிட்டாலோ, சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு மேலும் நிறமற்ற சிறுநீர் வெளியேறக்கூடும். மனநலச் சிகிச்சையில் நெடுங்காலம் பயன்படும் லித்தியம் இரண்டாம் வகைக்கு ஒரு காரணமாகலாம். முதல் வகைக்கு டெஸ்மோபிரசின் என்ற மாற்று ஹார்மோன் நல்ல பலன் தருகிறது. இந்நோயாளிகளைச் சர்க்கரை நோயாளிகள் என்று கருதி மருந்தை நிறுத்திவிடும் ஆபத்தைத் தவிர்க்கவே, வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசின் எதிர்ப்பு என்னும் புதிய பெயர்களை 2022இல் மருத்துவ அமைப்புகள் முன்மொழிந்தன.

கேள்வி: தண்ணீர் நல்லது என்றால், நிறையத் தண்ணீர் நிறைய நல்லதுதானே?

பதில்: அன்று. நெடுந்தொலைவு ஓடும்போது, செறிவு கூடாத நிலையிலும் உடலின் களைப்பும் குமட்டலும் வாசோபிரசினைச் சுரக்கச் செய்வதால், அருந்திய நீர் வெளியேற வழியின்றி இரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. அப்போது மூளையின் அணுக்கள் வீங்கி, குழப்பமும் வலிப்பும் மரணமும்கூட நேரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 ஓட்டக்காரர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே, அதாவது இழந்ததைவிட மிகுதியாகக் குடித்தவர்களிடமே, அக்குறைவு பெரிதும் காணப்பட்டது.

கேள்வி: கழிப்பறை வசதி இல்லாத பணியிடங்களில் பெண்கள் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். உடல் அதற்குப் பழகிக்கொள்ளாதா?

பதில்: உடல் பழகிக்கொள்வதில்லை, பொறுத்துக்கொள்கிறது. செறிவு சற்றே உயர்ந்ததும் முதலில் வாசோபிரசின் சுரந்து நீரைக் காக்கிறது. அதுவும் போதாதபோதுதான் தாகம் எழுகிறது. ஆகவே தாகம் என்பது, சேமிப்பு மட்டும் போதவில்லை, வரவும் தேவை என்று உடல் விடுக்கும் தெளிவான கோரிக்கை. முதியவர்களிடம் இக்கோரிக்கையின் குரல் தளர்ந்துவிடுவதால் அவர்கள் கேளாமலேயே நீர் கொடுக்க வேண்டும். எவ்வளவு ஹார்மோன் சுரந்தாலும் அது இருக்கும் நீரைக் காக்குமே தவிர, ஒரு துளியையும் உண்டாக்காது. கழிவுகளை வெளியேற்றவே நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவிலாவது சிறுநீர் தேவை. நாள்தோறும் தாகத்தை அடக்குவோரின் சிறுநீர் செறிந்து, கல் உருவாகவும் தொற்று ஏற்படவும் வாய்ப்பு கூடுகிறது. இங்கே குறை உடலின் கணக்கில் இல்லை. பூட்டும் தண்ணீர் வசதியும் உள்ள கழிப்பறையைக் கட்டித் தராத பணியிடத்தில் இருக்கிறது, அதைத் திருத்த வேண்டிய கடமையும் அப்பணியிடத்தை நடத்துவோருடையதே.