பல்லக்கில் பெய்லி, தவணையில் லென்ஸ்

பெங்களூரில் கேமராக் கண்காட்சி என்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பையனும் கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்புகிறான். முதல் கல்யாண ஆர்டரே வரவில்லை. அதற்குள் 85 எம்எம் லென்ஸுக்குத் தவணை, டிரோனுக்கு விலை விசாரிப்பு. ஸ்டால்காரர் ‘சினிமாட்டிக்’ என்கிறார். பையன் பயபக்தியோடு தலையாட்டுகிறான்.

தொழில் ரகசியம் ஊரிலேயே இருக்கிறது. தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் 1780 பொள்ளிலூர்ச் சண்டை ஓவியம். ஆர்டர் கொடுத்தவர் திப்பு. ஆகவே அவர் முகத்தில் கலவரமே இல்லை. தோற்ற பிரிட்டிஷ் தளபதி பெய்லி பல்லக்கில் முடங்கியிருக்கிறார். மறு ஆண்டு பரங்கிப்பேட்டையில் திப்புவின் தந்தை ஹைதர் அலி அதே பிரிட்டிஷாரிடம் தோற்றாரே, அந்தப் படம்? மாமனார் முறைத்த படத்தை எந்த ஆல்பத்தில் வைக்கிறார்கள்!

வேடிக்கை அதுவல்ல. அந்த ஓவியத்தைப் பிற்பாடு திரும்பத் தீட்டச் சொன்னவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. அடிவாங்கிய வீட்டாரே ரீடச் செய்துகொடுத்த ஆல்பம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.