எஃப்.டி. எவ்வளவு வைத்திருக்கிறாய்?

ஒருவனின் யோக்கியதையை அளக்க பம்பாய்த் தமிழர்களுக்கு வழிகள் பல உண்டு. மாட்டுங்காவில் காபிப் பொடியில் எவ்வளவு சிக்கரி சேர்க்கிறான் என்று பார்ப்பார்கள். செம்பூரில் எந்த சபாவில் உறுப்பினர் என்று விசாரிப்பார்கள். தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் என் அக்கா மகனுக்கு எல்லாரையும் அளக்க ஒரே கோல்தான்: எஃப்.டி.

பி.ஜி.எம்.ஐ. என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஒருவன் எத்தனை பேரை வீழ்த்தினான் என்பதை, அவன் எத்தனை தடவை செத்தான் என்பதால் வகுத்தால் வரும் எண் அது. பழைய பப்ஜியில் இதற்கு ‘கில்’ கணக்கு என்று பெயர். 2020 செப்டம்பரில் அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜியும் போயிற்று. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பாகத் திரும்பக் கொண்டுவந்தபோது யாரும் யாரையும் கொல்வதில்லை, ‘ஃபினிஷ்’ மட்டும்தான் பண்ணலாம் என்றாகிவிட்டது. ரத்தம்கூடப் பச்சையாகிவிட்டது. விளையாட்டுக்கு வந்த அந்த சாந்தம் என் அக்கா மகன் வாய்க்கு மட்டும் வரவில்லை.

மாட்டுங்கா ஆடிட்டர் சார் எங்களோடு சேர்ந்த அன்றைக்கு அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: “சார், உங்க எஃப்.டி. எவ்வளவு?” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதெல்லாம் ஆத்துக்காரிகிட்டயே சொன்னதில்லேடா” என்றார்.

எங்கள் ஸ்குவாடில் நாலு பேர். நான் செம்பூர், ஐம்பதைத் தாண்டியாயிற்று, எதிரி எங்கே என்று சொல்வது என் பொறுப்பு. “அதோ, அந்த மரத்துக்குப் பின்னால” என்பேன். ஆட்டம் நடக்கும் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் தீவில் மரத்துக்கா பஞ்சம்? ஆடிட்டர் சாரை இதில் இழுத்துவிட்டது அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த பேரன். பேரன் விமானம் ஏறிவிட்டான், தாத்தா தங்கிவிட்டார். நாலாமவன் அக்கா மகனின் சேக்காளி. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை.

அக்கா மகனுக்கு பாராசூட்டிலிருந்து கால் தரையில் பட்டதும் சண்டை வேண்டும். வேட்டுச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஓடுவான். ரெண்டு பேரைச் சாய்ப்பான். மூன்றாவது ஆள் இவனைச் சாய்ப்பான். உடனே காதில் அலறல்: “மாமா, நாக் ஆயிட்டேன்! ஏல, ரிவைவ் பண்ண வாலே!”

விழுந்தவனைத் தூக்க சுமார் பத்து விநாடி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அந்த நேரத்தில் சுட முடியாது, நகர முடியாது, எதிரி வந்தால் கும்பிடுகூடப் போட முடியாது. இந்தப் புண்ணியத்துக்கு வருவது எப்போதும் பட்டறைப் பையன்தான். புகைக் குண்டை வீசுவான், புகைக்குள் நுழைந்து இவனைத் தூக்குவான், தன் பையிலிருக்கும் ஃபர்ஸ்ட் எய்டையும் கொடுத்துவிட்டுப் போய் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துவான். எழுந்தவன் ஜீப்பில் ஏறும்போதே கேட்பான்: “ஏல, உன் எஃப்.டி. ஒண்ணைக்கூடத் தாண்டலையே, வெக்கமா இல்ல?”

அக்கா மகனுடைய எஃப்.டி.யைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம். கீழ்ப் படிகளில் ஆடும்போது விளையாட்டே இயந்திர ஆட்களை இறக்கிவிடும், பாட் என்பார்கள். வெட்டவெளியில் நின்று, சுடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் சாதுக்கள். அவன் கணக்கில் பாதி அவர்கள் போட்ட பிச்சை.

ஆடுகிறவனை எண்ணால் அளக்கும் இந்த விவகாரம் கணக்குப் போடத் தெரிந்த பெரியவர்களையும் படுத்தியிருக்கிறது. அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்கு வகுத்த தரக் கணக்கை உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. அங்கே ஒருவனுக்கு எதிரே ஒருவன். தோற்றால் பழி போடப் பக்கத்தில் ஆள் கிடையாது. நாலு பேர் சேர்ந்து ஜெயித்தால் யாருக்கு எவ்வளவு? மைக்ரோசாஃப்ட்காரர்கள் எக்ஸ்பாக்ஸுக்காக ட்ரூஸ்கில் என்று ஒன்றைச் செய்தார்கள். அது ஆளுக்கு இரண்டு எண் வைத்துக்கொள்ளும். இவனுக்கு இவ்வளவு திறமை இருக்கலாம் என்பது ஒன்று. அந்த நினைப்பில் எவ்வளவு சந்தேகம் என்பது இன்னொன்று. புது ஆளுக்குத் திறமை 25, சந்தேகம் 8.33. சந்தேகத்தை மூன்று மடங்காக்கித் திறமையிலிருந்து கழித்தால் மிச்சம் பூஜ்யம். பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைக்கு மாட்டுங்கா மாமிகள் காலங்காலமாகப் போடும் கணக்கு இதுதான், தசமப் புள்ளி மட்டும் கிடையாது.

யார் எத்தனை பேரைச் சுட்டான் என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. அணி ஜெயித்ததா என்று மட்டும் பார்க்கும். பல ஆட்டம் ஆடினால், எவன் இருக்கும் பக்கம் ஜெயிக்கிறது என்பது தானாக வெளியே வந்துவிடும் என்ற தைரியம். இதை நான் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். “மாமா, அது எக்ஸ்பாக்ஸ். நம்மது மொபைல்” என்றான் அக்கா மகன்.

ஆடிட்டர் சாரின் பாணி வேறு. இறங்கியதும் ஏதாவது ஒரு வீட்டுக் குளியலறையில் குப்புறப் படுத்துவிடுவார். பெரிய போட்டிகளில் முதலிடத்துக்கு 10 புள்ளி, ஒரு ஃபினிஷுக்கு 1 புள்ளிதான் என்று தெரிந்த நாளிலிருந்து எழுந்திருப்பதே இல்லை. கேட்டால் 1988 பிப்ரவரிக்குப் போவார். ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டம். டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டம் சேர்த்தார்கள். அடுத்து இறங்க வேண்டிய அமோல் முஜும்தார் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். பிற்பாடு முதல் தர ஆட்டங்களில் 11,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தும் இந்தியாவுக்கு ஆட அழைப்பு வரவில்லை. 2025 நவம்பரில் நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது அவர்களுடைய பயிற்சியாளர் அவர்தான். நல்ல கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் வெளியே நாங்கள் மூவரும் குண்டு மழையில் நனையும்போதுதான் இதை ஆரம்பிப்பார். “காத்துண்டிருக்கறதும் ஆட்டம்தான்டா” என்று குளியலறையிலிருந்து குரல் வரும்.

போன மாதம் பட்டறையில் அவசர ஆர்டர். பையனுக்கு ராத்திரி வேலை, ஒரு வாரம் வரவில்லை. நாலாவது இடத்துக்கு ராண்டம் ஆட்களை எடுத்தோம். ஒருவன் எங்களிடம் தோட்டா வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டான். இன்னொருவனின் மைக்கில் அவன் அம்மா மராத்தியில் திட்டுவது மட்டும் துல்லியமாகக் கேட்டது. அக்கா மகன் வழக்கம்போல் ஓடினான், வழக்கம்போல் விழுந்தான், ரிவைவ் ரிவைவ் என்று கத்தினான். நான் மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். எஃப்.டி. தினம் கரைந்தது. லாபியில் நுழைந்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி, “அவன் ஆன்லைன் வந்துட்டானா?” எஃப்.டி. ஏன் இறங்குகிறது என்று கேட்டால் மட்டும் சர்வர் சரியில்லை, பிங் ஏறுது, போன் சூடாகுது என்பான்.

ஆடிட்டர் சார் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி வாட்ஸப்பில் அனுப்பினார். ஒரு பக்கம், அக்கா மகன் இதுவரை வீழ்த்தியவர்கள். மறு பக்கம், அவனைத் தூக்கச் செலவான புகைக் குண்டு, ஃபர்ஸ்ட் எய்ட், ஜீப் பெட்ரோல், தூக்கப் போய்த் தாங்களே விழுந்தவர்கள். அடியில் நிகர நஷ்டம். அதற்கும் கீழே கையெழுத்து, தேதி, முத்திரை.

அக்கா மகன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்: “எல்லாம் சரி சார், இதுல உங்க குளியலறை வாடகையக் காணோமே?”